கலிங்கு

ஏரியின் மிகைநீரைக் கரைக்குச் சேதமின்றி வெளியேற்றும் கட்டுமானம் கலிங்கு. கலிங்கல், கலுங்கு என்றும் வழங்கும். மதகோடு இதைக் குழப்புகிறவர்கள் உண்டு. மதகு கரையின் அடியில் இருப்பது, பாசனத்துக்கு நாம் திறப்பது. கலிங்கை யாரும் திறப்பதில்லை. அதன் உச்சி மட்டம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம்; கரையின் உச்சி அதைவிட உயரம். அதனால் வெள்ளம் மண்கரையைத் தொட்டுத் தாண்டுமுன் கல் கட்டிய இந்த இடத்தில் வழிந்துவிடும். மண்கரைமேல் நீர் ஏறினால் அரித்து உடைத்துவிடும் என்பதால்தான் இத்தனை ஏற்பாடு. கலிங்கின் மேல் வரிசையாக நட்ட கற்களையும் பார்க்கலாம்: மழைக்காலம் ஓயும் சமயத்தில் அவற்றின் இடையை மண்ணால் அடைத்துச் சற்றுக் கூடுதலாகத் தேக்குவார்கள். பேராசைக்காரர் சீக்கிரமே அடைத்துவிடுவதும் உண்டு!

வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். தென் மாவட்டங்களில் இது ‘மறுகால் பாய்தல்’, வட மாவட்டங்களில் ‘கோடி போதல்’, ஈழத்தில் ‘வான் பாய்தல்’. ஆங்கிலேயப் பொறியாளர்கள் கலிங்கலை ‘காலிங்குலா’ ஆக்கிப் பாசன அறிக்கைகளில் எழுதினார்கள்; ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அதைத் தமிழ்ச் சொல் என்றே குறிக்கிறது.