தென்கிழக்கே திரும்பிய ஆன்டெனா

தமிழகத்தில் தொலைக்காட்சி எப்போது வந்தது என்று கேட்டால், 1975 ஆகஸ்ட் 15, சென்னைத் தூர்தர்ஷன் என்போம். அந்த ஒளிபரப்பு தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரைக்கு எட்டவில்லை. நாங்கள் முதலில் பார்த்தது இலங்கையின் ரூபவாஹினி.

ஜப்பான் உதவியுடன் 1982 பிப்ரவரியில் தொடங்கிய நிலையம் அது. இலங்கையின் மிக உயரமான பீதுருதலாகலை மலையில் அதன் கோபுரம். உயரம் 2,524 மீட்டர். இடையில் கடல்தான், மறைக்க மலை இல்லை. ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பினால் படம் விழும். சாமியார் பங்களா முற்றத்தில் ஊரே பாய் விரித்து உட்காரும். பெரும்பாலும் சிங்களம். கிரிக்கெட்டுக்கும் விளம்பரத்துக்கும் மொழி வேண்டியிருக்கவில்லை; செய்திக்கு வேண்டியிருந்தது. அங்கே போர். திரையில் ராணுவ வண்டிகள் போகும். என்ன சொல்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று முற்றத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஆக்லாந்தில் என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அக்கா சொல்வார்: 1990இல் அவர்களுக்கு மின்சாரமே நின்றுபோனது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டார்களாம். படம் எங்களுக்குக் கிடைத்தது, அதில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. தமிழர் தொலைக்காட்சி வரலாற்றை எழுதுபவர்கள் சென்னையோடு நிறுத்தாமல் இந்த இரண்டு கரைகளையும் சேர்த்து எழுத வேண்டும்.