கருமாதி முடிந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள்

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினருக்குத் தம் பிறப்பைச் சொல்லும் கதை ஒன்று உண்டு. சின்ன ஓலைச்சுவடி ஒன்றில் அவர்கள் காத்துவந்த கதை அது என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூல் சொல்கிறது.

சக ஆண்டு 1055. குப்பத்துக்குப் பக்கத்துக் கங்குந்தியின் வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். இளக்காரமான மறுப்புதான் கிடைத்தது. ஆத்திரத்தில் ஏழு கன்னிப்பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் கிளம்பினார்கள், கூடவே ஏழு நாய்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக் கருமாதியை முடித்துவிடுங்கள் என மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தத்தளித்து அக்கரை சேர்ந்தார்கள். நாய்களோ பாதி ஆற்றில் திரும்பிக் காஞ்சிக்கே போய்விட்டன. வேடர்களைக் கொன்று பழிதீர்த்து அந்த ஆண்கள் ஊர் வந்தால், அவர்களுக்கே காரியம் முடிந்திருந்தது. மனைவிமார் விதவைகள். உயிரோடு நின்றவர்களுக்குச் சாதியில் இடமில்லை.

பால்சாக் 1832இல் எழுதிய ‘கர்னல் ஷாபேர்’ கதையிலும் போரில் இறந்ததாக எண்ணப்பட்டவன் திரும்பி வருகிறான். மறுமணம் செய்துகொண்ட மனைவி அவனை ஏற்க மறுக்கிறாள். அங்கே சொத்து குறுக்கே நிற்கிறது. காஞ்சிக் கதையில் சூழ்ச்சிக்காரர் எவரும் வீட்டுக்குள் இல்லை. சொன்ன சொல்லை மனைவிமார் அப்படியே காப்பாற்றினார்கள். அதுவே கணவன்மாரைச் செத்தவர்களாக்கியது. இதைவிட இருண்ட குடும்பக் கதையை நான் படித்ததில்லை.

வேறு வழியின்றி அந்த ஏழு பேரும் வேடப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறி, உழுது பிழைத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களே மலையாளிகள் என்கிறது கதை. சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் காஞ்சியைப் பூர்வீகமாகச் சொல்லும் மலையாளிகள் உண்டு; அங்கே வழங்குவது மூன்று அண்ணன் தம்பிகளின் கதை. இவற்றை வரலாறென்று நிறுவ முடியாது. ஆனால் ஒரு குடி தன் பிறப்பையே ஊர் சேர முடியாமையிலிருந்து சொல்கிறது என்பதை லேசாகக் கடந்துவிடக் கூடாது.

தர்ஸ்டன் தரும் வரிகளில் பெண்களின் கதி இல்லை. காஞ்சியில் விதவையானவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? மீட்கப்பட்ட கன்னிகளை ஊர் ஏற்றதா? தம் இனத்து ஆண்களைக் கொன்றவர்களோடு வேடப் பெண்கள் எந்த மனதோடு குடும்பம் நடத்தினார்கள்? இதை நாவலாக்குகிறவர் வேடப் பெண்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கதைப்படி மலையில் பிறந்த முதல் பிள்ளைகளுக்குத் தாய்கள் அவர்கள்தான். குலக்கதையோ அப்பன்மாரின் காஞ்சியை மட்டுமே பூர்வீகமாக வைத்துக்கொண்டது.