உரைக்கோப்பில் பகுதி வாசிப்பு

பகுதி வாசிப்பு என்பது பெரிய உரைக்கோப்பை முழுவதும் நினைவகத்தில் ஏற்றாமல் வேண்டிய இடத்தை மட்டும் எடுத்துப் படிக்கும் நிரல் உத்தி. முதல் சில வரிகள் போதுமென்றால் வேலை எளிது. பைத்தானில் கோப்பின் மீது ஃபார் சுழற்சியை ஓட்டி, வரி கிடைத்ததும் நிறுத்திவிடலாம். ரீட்லைன்ஸ் கட்டளையோ கடைசி வரிவரை ஏற்றிவிட்டுத்தான் ஓயும்.

நடுவிலிருந்து படிப்பதில்தான் தமிழுக்கென்று தனிச் சிக்கல் உண்டு. சீக் கட்டளை பைட்டுகளை எண்ணித் தாவும். எழுத்துகள் அதற்குத் தெரியாது. சென்னையின் சாந்தோம் என்ற பெயர் கோப்பின் முதல் சொல்லாக இருப்பதாகக் கொள்வோம். இலக்கணப்படி சா, ந், தோ, ம் என 4 எழுத்து. யூனிகோடு உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனியே எண்ணுவதால் 8 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு, மொத்தம் 24.

13 பைட்டு தாண்டி இறங்கினால் தகரத்தின் நடுவில் நிற்போம். 1992-இல் யூடிஎஃப்-8-ஐ வடிவமைத்த கென் தாம்சனும் ராப் பைக்கும் இதற்கு வழி வைத்திருந்தார்கள். குறியீட்டின் முதல் பைட்டை அடுத்து வரும் தொடர் பைட்டின் மதிப்பு எப்போதும் 128 முதல் 191-க்குள் இருக்கும். தமிழ்க் குறியீட்டின் முதல் பைட்டு 224. இரண்டு பைட்டுக்கு மேல் பின்வாங்க வேண்டியிராது. 15-இல் இறங்குவதுதான் வம்பு. யூனிகோடு கணக்கில் அது சரியான எல்லை என்பதால் பிழைச்செய்தி வராது. ஆனால் தகரத்தை இழந்த ஓகாரக் குறி மட்டும் திரையில் தொங்கும்.

ஆகவே எழுத்தின் எல்லையைவிட வரிமுறிவைத் தேடுவதே மேல். அதன் மதிப்பு 10; தமிழ்க் குறியீடு எதனுள்ளும் அது வராது. தாவிய இடத்திலிருந்து அந்த வரி முடியும்வரை தள்ளிவிட்டு, அடுத்த வரியில் தொடங்கலாம். கோப்பை பைனரி முறையில் திறப்பது நல்லது. உரைமுறையில் சீக்குக்குப் பூச்சியம் தவிர, நிற்கும் இடத்தைச் சொல்லும் டெல் கட்டளை தந்த எண்ணை மட்டுமே நம்பிக் கொடுக்கலாம். ஃபார் சுழற்சியின் நடுவே டெல்லை அழைத்தால் பிழை எழும்.

ஒரே கோப்பை அடிக்கடி தேடுவோருக்கு அட்டவணை உதவும். திருக்குறளின் 1330 குறள்களும் தொடங்கும் இடங்களைக் குறித்துவைக்க, எண்ணுக்கு 4 பைட்டாக 5320 பைட்டு போதும். (அவ்வளவு சிறிய நூலை முழுதாக ஏற்றுவதே உண்மையில் சுலபம்.) பெரிய கோப்பில்தான் இதன் அருமை தெரியும். தமிழ் விக்கிப்பீடியாவின் தரவுக்கோப்பு ஒரு வடிவில் 100 பக்கங்கள் கொண்ட துண்டுகளாகச் சுருக்கி வெளியிடப்படுகிறது. எந்தப் பக்கம் எந்த பைட்டில் தொடங்கும் துண்டில் உள்ளது என்ற பட்டியல் தனிக்கோப்பாக வருகிறது. ஒரு கட்டுரை வேண்டுமானால் பட்டியலைப் பார்த்துத் தாவி, அந்தத் துண்டை மட்டும் விரித்தால் ஆயிற்று.