நாகையில் தொடங்கிய ஒரு வித்தை

சோழநாட்டுச் சமவெளியில் முதன்முதலாகப் புகைவண்டி ஓடியது 1861ஆம் வருஷத்தில், நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து தஞ்சாவூருக்கு. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்னும் ஆங்கிலக் கம்பெனி அந்தப் பாதையை அமைத்து, மறுவருஷமே திருச்சிராப்பள்ளி வரை நீட்டியது. கழனிகளில் விளைந்த நெல்லை மாட்டுவண்டிகளே கப்பல்துறைக்குச் சுமந்துசென்ற அக்காலத்தில், காவிரியின் கிளைகளையும் எண்ணற்ற பாசன வாய்க்கால்களையும் பாலம் பாலமாகத் தாண்டி, 5 அடி 6 அங்குல அகலத்தில் இரும்புப்பாதை போட்டது சாமானியமான காரியமன்று. அவ்வளவு பொருள் செலவிட்டுப் போட்ட அகலப் பாதையை, 1875ல், பெயர்த்தெடுத்து மீட்டர் அளவுக்குக் குறுக்கிவிட்டார்கள். இந்த விசித்திரத்தின் காரணத்தைத் தேடுகிறவர் காவிரிக்கரையை விட்டு, வேல்ஸ் நாட்டு மலைகளில் சிலேட்டுக்கல் சுமந்த ஒரு சிறிய ரயில்பாதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஃபெஸ்டினியாக் என்ற அந்தப் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 2 அடிக்கும் சற்றுக் குறைவு. ஏற்றமும் வளைவும் நிறைந்த வழி. திருவாரூர் ஆழித்தேரை வீதி மூலையில் திருப்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்கள் படும் பிரயாசையைப் பார்த்தவர்களுக்கு, நீண்டு விறைப்பான ஒரு பாரம் வளைவில் திரும்ப மறுப்பது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை. எஞ்சினுக்கும் அதே சங்கடம்தான்: பலம் வேண்டுமானால் பாய்லர் நீள வேண்டும், பாய்லர் நீண்டால் சக்கரங்கள் பெருக வேண்டும், சக்கரங்கள் ஒரே சட்டத்தில் வரிசையாகப் பெருகினாலோ வளைவில் அவை தடம் பிறழும். ராபர்ட் ஃபேர்லி என்ற எஞ்சினீயர், சக்கரங்களை இரண்டு தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் அச்சில் சுழன்று திரும்பும்படி செய்து, நடுவில் உலையும் இரு கோடியிலும் புகைபோக்கியும் கொண்ட ஒரே நீண்ட பாய்லரை அவற்றின் மேல் ஏற்றிவைத்தார். 'லிட்டில் வண்டர்' என்னும் அவருடைய எஞ்சினை 1870 பிப்ரவரியில் ஃபெஸ்டினியாக்கில் ஓட்டிக் காட்டியபோது, ருஷ்யச் சக்கரவர்த்தியின் தூதுக்குழு உள்படப் பல தேசத்தார் வந்து பார்த்தனர். குறுகிய பாதை பெரும் பாரத்தைத் தாங்காது என்ற ஆட்சேபம் அன்று வலுவிழந்தது. சிக்கனமான ரயில்பாதைகளுக்கு எந்த அகலம் தகும் என்ற விவாதம் அதே வருஷத்தில் இந்திய சர்க்காரிலும் சூடாக நடந்து, வைஸ்ராய் மேயோ பிரபுவின் தீர்மானத்தால் மீட்டர் அளவு நிலைபெற்றது. சென்னையிலிருந்து தெற்கே புதிதாகப் போட்ட பாதைகள் அவ்வளவில் அமையவே, நாகையின் பழைய பாதையும் அவற்றோடு இணையும்பொருட்டுக் குறுக வேண்டியதாயிற்று.

ஏற்றமும் கூர்மையான வளைவும் இல்லாத தஞ்சைச் சமவெளிக்கு ஃபேர்லியின் இரட்டை எஞ்சின் தேவைப்படவேயில்லை. மலைநாட்டு நியாயம் ஒன்றை மருதநிலத்துக்கும் விதித்ததனால், இந்நிலத்து மக்கள் நூறு வருஷங்களுக்கு மேலாக அகலப் பாதை சந்திப்புகளில் மூட்டையை இறக்கி மறுவண்டியில் ஏற்றினார்கள் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அந்த ரயில்பாதையால் விளைந்த ஒரு நன்மையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

1874ல் கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே என்று பெயர் பெற்ற கிரேட் சதர்ன் கம்பெனி, நாகப்பட்டினத்தில் தன் எஞ்சின் பட்டறையை வைத்திருந்தது. பாய்லர் தகடுகளை வளைத்து ஆணி அறைவதும், தேய்ந்த குழாய்களை உருவிப் புதியன செலுத்துவதும், பிஸ்டனையும் வால்வையும் மயிரிழை பிசகாமல் பொருத்துவதுமான வித்தைகள் நெல்வயல்களுக்கு நடுவே அந்தக் கடற்கரைப் பட்டணத்தில் வேரூன்றின. 1928ல் கம்பெனி தன் பட்டறைகளைத் திருச்சியை அடுத்த பொன்மலையில் ஒருங்கே குவித்தது. அந்த மாற்றம் அமைதியாக நடக்கவில்லை. ஆட்குறைப்பையும், தொழில்திறமைக்குப் பரீட்சை வைப்பதையும் எதிர்த்து அவ்வருஷம் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் செய்த மாபெரும் வேலைநிறுத்தத்தில் பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் சிறை புகுந்தார். பல வருஷங்களாக இரும்பைத் தட்டி உருவாக்கிய கைகளைப் பார்த்து, உனக்குத் தொழில் தெரியுமா என்று கேட்டது அந்தப் பரீட்சை. அந்த அவமானத்தை நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது.

வித்தை அழியாமல் பொன்மலையில் வளர்ந்தது என்பதற்குச் சாட்சி நீலகிரி மலையில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ல் திறந்து, 1908ல் உதகை வரை நீண்ட அந்தப் பாதையை, அதே 1908ல் தென்னிந்திய ரயில்வேயே நடத்த ஏற்றுக்கொண்டது. அங்கே ஓடும் எக்ஸ் ரக எஞ்சின்கள் முதலில் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் செய்தவை. இவை ஃபேர்லி எஞ்சினைப்போல் இரு துண்டாக வளைபவை அல்ல. ஆயினும் ஓர் எஞ்சினுக்குள் இரண்டு இயந்திரங்களை அடக்கியவை. ஒரு ஜோடி சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகிறது. கல்லாறு தாண்டி, 12 அடிக்கு ஓரடி என்ற அளவில் ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில், அந்தச் சிலிண்டரில் உழைத்து வெளியேறும் நீராவி வீணாகாமல் இன்னொரு ஜோடி சிலிண்டருக்குப் போய், தண்டவாளங்களுக்கிடையே பதித்த பற்சட்டத்தைக் கவ்வும் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இத்தகைய எஞ்சின்களை எண்ணெயில் எரியும்படி புதிதாகவே செய்து 2011 முதல் 2014 வரை நான்கினை மலைக்கு அனுப்பியதும், 2021ல் நிலக்கரியில் எரியும் ஒன்றைப் புதிதாக உருவாக்கியதும் பொன்மலைத் தொழிலாளர்களே. நீராவி எஞ்சின் செய்வதை உலகம் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட காலத்தில் நடந்த காரியம் இது. தமிழ்நாட்டில் இதனைக் கொண்டாடியவர்கள் மிகச் சிலரே என்பது எனக்கு ஆறாத குறை.

பழைய எஞ்சின்களைப் பேணிக் கொண்டாடுவதில் வேல்ஸ் நாட்டார் நமக்கு முன்னோடிகள். ஃபெஸ்டினியாக் பாதை 1946ல் மூடப்பட்டது. ஊதியம் கருதாத தொண்டர்கள் அதனை 1955 முதல் படிப்படியாகத் திறந்து, பாஸ்டன் லாட்ஜ் என்ற அதன் பழைய பட்டறையையும் உயிர்ப்பித்தனர். 1879ல் அங்கேயே செய்த 'மெர்தின் எம்ரிஸ்' என்னும் ஃபேர்லி எஞ்சின் பழுது நீங்கி ஓடுவதோடு, அதே ஜாதியில் புதிய எஞ்சின்களும் அந்தப் பட்டறையிலேயே பிறந்தன. ஃபேர்லிக்குப் பின் கேரட் என்பவர், பாய்லரை நடுவே தொங்கவிட்டு, முன்னும் பின்னும் தனி எஞ்சின்களைப் பூட்டும் வேறொரு முறையைக் கண்டார். அம்முறையில் முதன்முதலாக டாஸ்மேனியாவுக்கென 1909ல் செய்த எஞ்சினும் கடல் கடந்து திரும்பிவந்து, புத்துயிர் பெற்று, வேல்ஸின் மற்றொரு குறும்பாதையில் ஓடியது. இந்தியாவுக்கு வந்த முதல் கேரட் எஞ்சின் டார்ஜீலிங் மலைப்பாதைக்கு 1911ல் கிடைத்தது. அதை நாம் காப்பாற்றவில்லை.

தஞ்சை நாட்டு மீட்டர் பாதைகள் இப்போது மறுபடியும் அகலமாகிவிட்டன. பிரயாணிகளுக்கும் நெல் மூட்டைகளுக்கும் அது நன்மையே. ஆனால் அகலமாகாமலே மறைந்த ஒரு பாதை உண்டு. மாயூரத்திலிருந்து செம்பொனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி வழியாகத் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு 1926ல் திறந்த மீட்டர் பாதை 1980களில் மூடப்பட்டு, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. அவ்வூர்களின் மக்கள் ரயில் வேண்டுமென்று இன்றும் கேட்டுவருகிறார்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் மீட்டர் பாதையையே மீண்டும் போட்டு, பொன்மலையில் பழுது பார்த்த ஒரு நீராவி எஞ்சினை அறுவடைக் காலத்து வயல்களின் நடுவே தினம் ஒரு முறையேனும் ஓட்டுவதற்கு வேண்டிய கைத்திறமை நம்மிடமே இருக்கிறது. அதற்கு ரயில்வே இலாகாவின் சம்மதமும், மாயூரத்தாரும் தரங்கம்பாடியாரும் கூடி அமைக்கும் ஒரு சபையும் வேண்டும்.