இரும்புச் சிலுவை

துணிவும் தந்திரமும் மிக்கவனை “எம்டன்” என்று சுட்டும் வழக்கு, தமிழர் பேச்சில் ஊறிப்போனதொன்று என்பதை நேயர்கள் அறிவர். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. அக்டோபர் 28ஆம் நாள் விடியலில் அது பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து, ருஷ்யரின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடித்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அந்நாளில் வழங்கிய நமது கிள்ளான் துறைக்கும் அதே நீரிணைதான் வழி. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே எம்டன் அழிந்தது. அதன் தலைவர் கார்ல் பான் முல்லருக்குக் கைசர் அளித்த விருது இரும்புச் சிலுவை. பின்னர்க் கட்டிய புதிய எம்டனின் முகப்பிலும் அச்சிலுவையே இடம்பெற்றது. பொன்னும் வெள்ளியும் இருக்க, சக்கரவர்த்தி இரும்பைப் பரிசளித்தது ஏன்?

விடை 1813இல் இருக்கிறது. நெப்போலியனிடம் தோற்றுப் பாதி நாட்டை இழந்த பிரஷ்யாவின் கஜானா வறண்டிருந்தது. மக்கள் தம் பொன்னகைகளைப் போர்ச்செலவுக்குக் கொடுத்து, இரும்பு நகைகளைப் பெற்று அணிந்தனர். மறைந்த அரசி லூயிசாவின் பிறந்த நாளான மார்ச் 10ஆம் தேதியிட்டு, மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் இவ்விருதை நிறுவினார். அவர் தாமே வரைந்த உருவைக் கட்டடக் கலைஞர் ஷிங்கெல் செப்பனிட்டார். நடுவில் ஒடுங்கி நுனியில் அகன்ற நான்கு கரங்கள், வார்ப்பிரும்பின் கருமை, சுற்றிலும் வெள்ளி விளிம்பு, ஒரு முகத்தில் ஓக் இலைகளும், முடியும், மன்னரின் பெயரெழுத்துக்களும், ஆண்டும். இடைக்காலத்து டியூட்டானிய வீரத்துறவியர் அங்கியில் தரித்த கருஞ்சிலுவையே இவ்வடிவுக்கு மூலம்.

நாம் இதிற் பெரிதாகக் கொள்வது வேறொன்று. முன்னெல்லாம் அதிகாரிக்கு ஒரு விருது, சிப்பாய்க்கு வேறொரு பதக்கம். இரும்புச் சிலுவையிலோ, இரண்டாம் வகுப்பைப் பெறாத எவரும் முதல் வகுப்பைப் பெறுதல் இயலாது. தளபதியும் சிப்பாயும் ஒரே படியிலிருந்து தொடங்க வேண்டும். ஆணுடை தரித்துப் போரிட்ட பிரடெரிக்கா குரூகர் என்ற பெண்ணும் அதனைப் பெற்றாள். படைத்தலைவர்க்கென்று தனியே ஒரு பெருஞ்சிலுவை இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

நம்மை ஆண்டவர்களின் வழக்கையும் பார்ப்போம். 1856இல் ஏற்பட்ட விக்டோரியா சிலுவை ஆங்கிலப் பிரபுவுக்கும் ஆங்கிலச் சிப்பாய்க்கும் பொது. இந்தியச் சிப்பாய்க்கோ 1911 வரை அதில் இடமில்லை. அதனை முதலிற் பெற்ற இந்தியச் சிப்பாய் குதாதாத் கான், பினாங்குத் தாக்குதலுக்கு மூன்றாம் நாள் பெல்ஜியத்தில் ஜெர்மானியரை எதிர்த்து நின்றவர்.

அம்மகாயுத்தத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் இரண்டாம் வகுப்புச் சிலுவைகள் வாரி வழங்கப்பட்டன. பெற்றோருள் யூதர் பலர். ஹிட்லருக்கு 1918இல் முதல் வகுப்பு கிடைக்கப் பரிந்துரைத்தவரே ஹூகோ குட்மன் என்னும் யூத அதிகாரி. 1939இல் அதே ஹிட்லர் சிலுவையின் நடுவில் ஸ்வஸ்திகாவைப் பொறித்தார். முதல் வகுப்புச் சிலுவை பெற்றிருந்த யூதருக்கு நாஜிகள் காட்டிய “சலுகை” தெரேசியன்ஸ்டாட் முகாம். அங்கிருந்தும் பல்லாயிரவர் ஆஸ்விட்சுக்கு ரயிலேற்றப்பட்டனர். குட்மன் அமெரிக்காவுக்குத் தப்பினார்.

ஸ்வஸ்திகா நீக்கிய சிலுவையை மட்டும் அணியலாம் என்று மேற்கு ஜெர்மனி 1957இல் சட்டம் செய்தது. 2008இல் ஜெர்மனி புதிய வீரவிருதொன்றை நிறுவியபோது, இரும்புச் சிலுவை என்ற பெயரை அதற்கு இடவில்லை.