துப்பாக்கிக்குள்ளிருந்து வந்த கார்க் ஸ்க்ரூ

இந்தக் காட்சியை ஏதாவது ஒரு படத்துல பார்த்திருப்பீங்க. சர்வர் ஒருத்தர் ஒயின் பாட்டிலோட மேஜைக்கு வருவார். சுருள் கம்பி ஒண்ணை கார்க்குக்குள்ள திருகி, மெதுவா இழுப்பார். 'டப்'னு ஒரு சத்தம். அந்தச் சுருள் கம்பிதான் கார்க் ஸ்க்ரூ.

இதை யார் கண்டுபிடிச்சாங்கன்னு தேடினா, சாமுவேல் ஹென்ஷால்னு ஒரு ஆங்கிலேயப் பாதிரியார் பெயர் வரும். வருஷம் 1795. ஆனா அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே இந்தக் கருவி புழக்கத்துல இருந்திருக்கு. அப்போ ஹென்ஷால் கண்டுபிடிச்சது என்ன? அவருக்கு முன்னாடி கண்டுபிடிச்சது யார்?

முதல்ல பாட்டிலைப் பார்ப்போம். ரொம்ப காலம் ஐரோப்பாவில் ஒயின் இருந்தது மரப் பீப்பாயில்தான். கண்ணாடிப் புட்டி மெல்லிசா, சுலபமா உடையும். பீப்பாயிலிருந்து பிடிச்சு மேஜைக்குக் கொண்டு வர மட்டும்தான் அது பயன்பட்டது. 1615-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் ஒரு ஆணை போடுறார்: கண்ணாடி உலைகளில் இனி விறகு எரிக்கக் கூடாது. ஏன்னா, கப்பல் கட்ட மரம் வேணும். வேற வழியில்லாம கண்ணாடித் தொழிலாளர்கள் நிலக்கரிக்கு மாறினாங்க. நிலக்கரியில் சூடு அதிகம். அதனால கனமான, கருத்த, உறுதியான புட்டிகள் செய்ய முடிஞ்சது. மரத்தைக் காப்பாத்த வந்த ஆணை, கடைசியில நல்ல பாட்டிலைக் கொடுத்துட்டுப் போச்சு!

உறுதியான கழுத்து கிடைச்சதும், கார்க்கை அழுத்தி இறுக்கமா அடைக்கலாம். ஒயின் மட்டுமில்ல, பீர், ஆப்பிள் சாறைப் புளிக்க வைத்துச் செய்யும் சைடர் எல்லாமே அப்படி அடைச்சாங்க. ஆரம்பத்துல கார்க்கோட மேல்பகுதி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும், கையாலேயே பிடுங்கிடலாம். முழுசா உள்ளே அடிச்சா? பிடிக்க ஒண்ணுமே இல்ல. அடைக்கத் தெரிஞ்சாச்சு, திறக்கத் தெரியல.

இங்கதான் துப்பாக்கி வருது. அந்தக் காலத் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியா போட்டுக் கெட்டிப்பாங்க. சுடாத குண்டையோ, உள்ளே சிக்கின துணியையோ, காகிதத்தையோ வெளியே எடுக்கணும்னா, ஒரு கம்பியின் நுனியில் எஃகுச் சுருளை மாட்டி உள்ளே விட்டுத் திருகி இழுக்கணும். அந்தச் சுருளுக்கு அவங்க வச்ச பெயர் 'புழு'. குறுகலான குழாய், உள்ளே சிக்கின ஒரு பொருள், பிடிக்க வழியில்ல. பாட்டில் கழுத்துலயும் அதே பிரச்சினைதானே? கார்க் ஸ்க்ரூ இந்தப் புழுவிலிருந்துதான் வந்திருக்கும் என்பது வரலாற்றாசிரியர்கள் பரவலா சொல்ற கருத்து.

எழுத்தில் இது முதலில் தென்படுவது 1681-ல். லண்டன் ராயல் சொசைட்டியின் அருங்காட்சியகப் பொருள்களுக்கு நெஹமையா க்ரூ என்ற தாவரவியலாளர் ஒரு பட்டியல் தயாரிச்சார். அதுல, புட்டியிலிருந்து கார்க்கை இழுக்கப் பயன்படும் எஃகுப் புழு என்று ஒரு வரி வருது. கவனிங்க, தனிப் பெயர் இல்ல. வேலையைச் சொல்லித்தான் கருவியை அடையாளம் காட்டுறார். ஆனா படிக்கிறவங்களுக்கு அது புரியும்னு நம்பி எழுதுறார். அப்படின்னா, அதுக்கு முன்னாடியே பலர் கையில் அது இருந்திருக்கணும்.

சரி, ஹென்ஷாலுக்கு வருவோம். இன்றைய கணக்கில் சொன்னா, சுமார் 24 மில்லிமீட்டர் அகலமுள்ள கார்க்கை நசுக்கி, 18.5 மில்லிமீட்டர் துவாரத்துக்குள்ள தள்ளுறாங்க. அது விரியப் பார்த்துக் கண்ணாடியை இறுகப் பிடிச்சுக்கும். ஹென்ஷால் சுருளின் மேல்பகுதியில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சின்ன வட்டத் தகடு வச்சார். சுருள் முழுசா இறங்கினதும் தகடு கார்க்கில் முட்டும். அதுக்கு மேல திருகினா, சுருள் உள்ளே போகாது. கார்க்கே சுத்த ஆரம்பிக்கும், கண்ணாடியோட இருந்த பிடி விட்டுடும். அப்புறம் இழுக்கிறது சுலபம். கார்க் ஸ்க்ரூவுக்குக் கிடைச்ச முதல் காப்புரிமை இதுதான். அவர் கண்டுபிடிச்சது கருவியை இல்ல, ஒரு நல்ல திருத்தத்தை.

அதுக்கப்புறம் வந்ததும் திருத்தங்கள்தான். 1882-ல் ஜெர்மனியின் கார்ல் வீன்கே, பாட்டில் விளிம்பில் ஊன்றி நெம்புகிற மடக்குக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னிக்கும் சர்வர்கள் பாக்கெட்டில் இருப்பது அதோட வாரிசுதான்.

இப்போ கருவிக்கே தேவை குறையுது. கார்க்கில் உருவாகும் டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் ஒயினுக்கு நனைஞ்ச அட்டை மாதிரி நாற்றம் தரும். இதனால சலிச்சுப்போன ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குத் தயாரிப்பாளர்கள் சிலர், 2000-ல் சேர்ந்து திருகு மூடிக்கு மாறினாங்க. நியூசிலாந்து ஒயின்களில் பெரும்பாலானதுக்கு இன்னிக்குத் திருகு மூடிதான்.

'கண்டுபிடித்தவர்'னு ஒரு பெயரைப் பார்க்கும்போது, பல நேரம் நாம பார்க்கிறது பதிவு செய்தவரைத்தான். ஹென்ஷாலைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, அவர் தகடு உண்மையிலேயே புத்திசாலித்தனமானது. ஆனா அவருக்கு முன்னாடி, துப்பாக்கிப் புழுவைக் கையில் வச்சுக்கிட்டு ஒரு பாட்டிலைப் பார்த்து, 'இது இதுக்கும் ஆகுமே'ன்னு யாரோ ஒருத்தருக்குத் தோணியிருக்கணும். சிப்பாயோ, கொல்லரோ. அவர் பெயரை யாரும் எழுதி வைக்கல.