லாரியில் வந்த பிராதோ: ஸ்பெயின் கிராமங்களில் சுற்றும் அருங்காட்சியகம், 1931–1936

ஸ்பெயினின் இரண்டாவது குடியரசு 1931 ஏப்ரல் 14 அன்று அமைந்தது. ஏழு வாரம் ஆவதற்குள், மே 29இல், ‘மிசியோனெஸ் பெதகோஹிகாஸ்’ எனப்பட்ட கல்விப் பணிக்குழுக்களை அரசாணை ஒன்று தோற்றுவித்தது. அப்போது அந்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், கிராமத்தாருக்கு ஓவியம் காட்ட அரசு பணம் ஒதுக்கியது ஏன்? அந்த எண்ணம் எங்கே வேர்கொண்டது, களத்தில் எங்கே இடறியது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

வேர் அரை நூற்றாண்டு பழையது. கற்பிக்கும் சுதந்திரத்துக்கு அரசு விதித்த கட்டுப்பாட்டை ஏற்க மறுத்துப் பதவியிழந்த பேராசிரியர்கள், பிரான்சிஸ்கோ ஹினேர் தெ லோஸ் ரியோஸ் தலைமையில் 1876இல் மாட்ரிட்டில் ‘சுதந்திரக் கல்வி நிறுவனம்’ ஒன்றைத் தொடங்கினர். தேர்வையும் மனப்பாடத்தையும் அங்கே ஒதுக்கிவைத்தார்கள். மாணவர்களை அருங்காட்சியகங்களுக்கும் மலைகளுக்கும் பட்டறைகளுக்கும் கூட்டிச் சென்றார்கள். ஹினேரின் சீடர் மனுவேல் பர்தொலொமே கோசியோ இந்த முறையிலேயே வளர்ந்தவர். மாட்ரிட்டின் ஏழைப் பிள்ளைகளை 1887இல் கடலோர ஊரான சான் விசெந்தே தெ லா பர்கேராவுக்கு அழைத்துச் சென்று, ஸ்பெயினின் முதல் பள்ளி விடுமுறை முகாமை நடத்தியவர் இவர். எல் கிரேக்கோ என்னும் ஓவியரின் மதிப்பை மீட்டெடுத்த பெருநூலை 1908இல் வெளியிட்டவரும் இவரே. கல்வியாளரும் கலை வரலாற்றாசிரியரும் ஒரே ஆளாக இருந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல் இல்லையென்றால் பணிக்குழுக்களின் திட்டத்தில் ஓவியத்துக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

பணிக்குழுக்களின் தலைவராகும்போது கோசியோவுக்கு 74 வயது. நோயாளியாக இருந்த அவர் மாட்ரிட்டிலிருந்தே திட்டத்தை வகுத்தார். அவர் கருத்தில் நகரவாசிக்கும் கிராமவாசிக்கும் இருந்த மிகப் பெரிய வேறுபாடு சம்பளத்தில் மட்டும் இல்லை. இசை, நாடகம், ஓவியம் ஆகியவற்றைச் சும்மா அனுபவிக்கும் வாய்ப்பிலும் இருந்தது. ஆகவே குழுவினர் கிராமபோன், திரைப்படக் கருவி, நாடகம், கூட்டிசை, நூலகம் எல்லாவற்றையும் கொண்டுசென்றனர். முதல் பயணம் 1931 டிசம்பரில் செகோவியா மாகாணத்தின் அய்யோன் என்னும் ஊருக்கு. 1936க்குள் 5,000க்கும் மேற்பட்ட சிறு நூலகங்கள் ஊர்ப்பள்ளிகளைச் சென்றடைந்தன. எண்ணிக்கையில் பார்த்தால் நூலகங்களே பெரும் சாதனை. ஆனால் எண்ணத்தின் புதுமை ஓவியத்தில்தான் இருந்தது.

‘மக்களின் அருங்காட்சியகம்’ என்றழைக்கப்பட்ட அந்தப் பிரிவு, 1932 அக்டோபரில் எல் பார்கோ தெ ஆவிலாவில் முதல் கண்காட்சியை நடத்தியது. பெரும்பாலும் மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருந்த, ஸ்பானிய ஓவிய மேதைகளின் படைப்புகளைப் பார்த்து வரைந்த 14 பிரதிகள் லாரியில் வந்தன. பிரதிகளை வரைந்தவர்கள் ராமோன் கயா, ஹுவான் பொனஃபே, எதுவார்தோ விசெந்தே ஆகிய இளைஞர்கள். கயாவுக்கு வயது 22. வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’, 1808 மே மாதப் படுகொலையைக் கோயா தீட்டிய ஓவியம் போன்றவை அவற்றுள் இருந்தன. நகராட்சி மன்றத்திலோ பள்ளியிலோ சில நாள் அவற்றை மாட்டிவைப்பார்கள். ஓவியர்களும் எழுத்தாளர்களும் பக்கத்தில் நின்று விளக்குவார்கள். கவிஞர் லூயிஸ் செர்னூதாவும் இவ்வாறு நின்றவர்தான். புறப்படும்போது புகைப்பட நகல்களை ஊரில் விட்டுச் செல்வது வழக்கம்.

பிரதி காட்டுவது ஏமாற்று என்று இன்றைய அருங்காட்சியகத்தார் சிலர் முகம் சுளிக்கலாம். கிராமத்தானுக்குப் புத்தகத்தில் அச்சான சின்னப் படம் போதும் என்று எண்ணாமல், ஓவியன் கையால் எண்ணெய் வண்ணத்தில் மீண்டும் வரையச் செய்ததை மரியாதை என்றே நான் கொள்கிறேன்.

இடறிய இடங்கள் வேறு. முதலாவது, சாலை. திரைப்படக் கருவியைக் கோவேறு கழுதை மேல் ஏற்றலாம். பெரிய ஓவியங்களை ஏற்ற முடியாது. எனவே லாரி போகும் ஊர்களுக்கே, பெரும்பாலும் சந்தை கூடும் சிற்றூர்களுக்கே, அருங்காட்சியகம் போனது. ஒதுங்கிக் கிடந்தவர்களுக்கென்று பிறந்த திட்டம், மிகவும் ஒதுங்கிக் கிடந்தவர்களை எட்டவில்லை.

இரண்டாவது, பசி. 1934இல் சமோரா மாகாணத்தின் சனாப்ரியா பகுதியில், சான் மார்த்தின் தெ கஸ்தன்யேதா என்ற ஊருக்குப் போன குழு, நோயும் பட்டினியும் பிடித்த பிள்ளைகளைக் கண்டது. நாடக ஆசிரியர் அலெஹாந்த்ரோ கசோனா பங்கேற்ற அந்தப் பணி, பின்னர் பள்ளி உணவு, மருத்துவம், வேளாண் அறிவுரை என்று வடிவம் மாறியது. முதலில் சோறு, பிறகு கலை என்று எதிர்ப்பாளர்கள் இதைக் காட்டி வாதிட்டார்கள். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதில்லை. ஏனெனில் வலதுசாரி அரசு வந்ததும் பணிக்குழுக்களுக்கான நிதிதான் வெட்டுப்பட்டது. மிச்சப்பட்ட பணம் சனாப்ரியாவின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது குறை, திட்டத்தின் உள்ளேயே இருந்தது. தேர்வும் பாடமும் இல்லாத பள்ளி என்பதே அதன் பெருமை. ஆனால் லாரி போன பின்னர் ஊர் ஆசிரியர் கையில் எஞ்சியவை சில நகல்களே. தொடர்ந்து கற்பிக்க அவருக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. அதற்குக் காலம் இருக்கவில்லை.

கோசியோ 1935 செப்டம்பரில் இறந்தார். 1936 ஜூலையில் வெடித்த உள்நாட்டுப் போர் பணிகளைக் குலைத்தது. அந்தப் போரின் விளைவாகக் கயா மெக்சிகோவுக்கும் கசோனா அர்ஜென்டினாவுக்கும் நாடுகடந்தனர். அன்று பிரதி எடுத்த இளைஞரான கயாவுக்கு 2002இல், வெலாஸ்கெஸின் பெயரால் ஸ்பானிய அரசு நிறுவிய கலைப்பரிசு முதல் முறையாக வழங்கப்பட்டது.